மேல்குரல் முதலில்

எங்கள் சந்துக்குள் வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். தோலை ஊறவைக்கும் குழிகள் எங்கள் வீட்டுப் பின்புறம் பன்னிரண்டு இருக்கின்றன. எங்கள் ஊர் ஹேடன்ஃபீல்டில் அத்தனை பேர் காலிலும் இருப்பது என் அப்பா பதனிட்ட தோல். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டே நடந்து வந்து, ஞாயிற்றுக்கிழமை சபைக்கூடத்தில் எங்களுக்குக் கடைசி வரிசையைக் காட்டுவார்கள்.

என் பெயர் மெஹிட்டபெல் ஸ்டோவெல். ஹிட்டி என்று கூப்பிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் அகாடமி என்கிற மேல்பள்ளியின் படியை மிதித்த முதல் ஆள் நான். இரண்டு குளிர்காலம் படித்தேன். பையன்களுக்கு லத்தீனும் அளவைக் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். எங்களுக்குத் துணியையும் ஊசியையும் கொடுத்து, அகர வரிசையைத் தையலாகப் போடச் சொன்னார்கள். நான் சண்டை பிடித்துப் பேனா வாங்கினேன். என் அம்மாவுக்கு அந்தச் சண்டைகூடக் கிடைக்கவில்லை. அச்சடித்த எதையும் அவள் கடகடவென்று வாசிப்பாள். கையால் எழுதிய ஒரு வரிகூட அவளுக்குப் புரியாது. பெண்பிள்ளைக்கு வாசிப்பு போதும், எழுத்து எதற்கு என்று அவள் காலத்தில் நிறுத்திவிட்டார்கள். பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாக இன்னும் பெருக்கல் குறிதான் போடுகிறாள்.

இந்தக் கோபங்களையெல்லாம் வைத்துக்கொண்டு நான் ஒரு பாட்டுக் கட்டினேன். நல்ல பாட்டு. எனக்கே தெரிந்தது.

அந்தக் குளிர்காலம் எங்கள் ஊரில் பாட்டுப் பள்ளி நடத்த வந்தவர் அசாஹெல் கில்லட். கோடையில் தொப்பி செய்வார். பனி விழுந்ததும் ஊர் ஊராகப் போய்ப் பாடச் சொல்லிக்கொடுப்பார். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, மூக்கு நீளம். வாரம் இரண்டு மாலை, விடுதியின் மேல்மாடிக் கூடத்தில், ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு நாங்கள் கூடுவோம். ஒரு பக்கம் கீழ்க்குரல் ஆண்கள், எதிர்ப்பக்கம் மேல்குரல் பெண்கள், நடுவில் மற்ற இரண்டு குரல்களும். முதலில் சொற்கள் இல்லாமல் ஃபா, சோல், லா, மீ என்று சுரத்தை மட்டும் பாடுவோம். கை மேலும் கீழும் போய்த் தாளம் போடும். பிறகுதான் சொற்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள் கில்லட் நீளவாட்டில் தைத்த ஒரு வெற்று நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"நம்ம பள்ளத்தாக்குப் பாட்டையெல்லாம் சேத்து ஒரு புத்தகம் போடப்போறேன். நாப்பது பாட்டு எழுதியாச்சு. உங்கள்ல யாராவது கட்டியிருந்தாலும் குடுங்க. ஏப்ரல் மாசம் பள்ளி முடிப்பு விழாவுல சபைக்கூட மாடத்துல பாடிப் பாப்போம். நின்னா அச்சுக்குப் போகும். விழுந்தா அடுப்புக்குப் போகும்."

நான் மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு பேசுகிற மாதிரி நான்கு வரி:

பூட்டிய பனியின் அடியிலே
புரண்டு கிடந்தேன் நெடுநாளாய்;
உடைத்து வருகிறேன், வழிவிடு,
ஊரே எழுந்து பார்த்திடு.

முதல் இரண்டு வரியை நான்கு குரலும் சேர்ந்து பாடும். மூன்றாவது வரியில் துரத்தல். ஒரு குரல் தனியாக வரியைத் தொடங்கும். அது இரண்டு சொல் போவதற்குள் இன்னொன்று அதே வரியைப் பிடித்துத் துரத்தும். பிறகு மூன்றாவது, பிறகு நான்காவது. கடைசி வரியில் எல்லாம் ஒன்றாகப் போய் முட்டி நிற்கும். எங்கள் பள்ளத்தாக்கில் துரத்தல் இல்லாத பாட்டை யாரும் பாட்டென்றே மதிப்பதில்லை.

எந்தப் பாட்டிலும் துரத்தலைத் தொடங்குவது கீழ்க்குரல்தான். ஆண்கள் முதலில் இறங்குவார்கள். பெண்கள் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்து சேர்ந்துகொள்வோம். என் பாட்டில் பெண்கள் முதலில். துணைக்கு ஒரு குரலும் கிடையாது.

கில்லட் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசையப் பாடிப் பார்த்தார். புருவம் ஏறியது.

"நீயேவா கட்டின?"

"எங்க வீட்டுல மாடு கட்டுமா, ஐயா?"

"நல்லாயிருக்கு. நெஜமா நல்லாயிருக்கு." பிறகு மூன்றாவது வரிக்கு விரல் போனது. "ஆனா இத மாத்தணும். மேல்குரல் மொதல்ல வர முடியாது."

"ஏன்?"

"அஸ்திவாரம் இல்லாம எவனாவது கூரை போடுவானா? கீழ்க்குரல் சுதியைப் பிடிச்சுக் குடுத்தாத்தான் நீங்க அதும்மேல நிக்கலாம். தனியா விட்டா சுதி எங்கயோ போயிடும்."

"பாடிப் பாக்காமலே சொல்றீங்க."

அவர் சிரித்தார். "சரி. நாளைக்குப் பாடிப் பாப்போம். நின்னுச்சுன்னா நீ எழுதின மாதிரியே போடறேன், மேல உன் பேரையும் போடறேன். நிக்கலேன்னா நான் திருத்துவேன். திருத்தினவன் பேருதான் மேல வரும். அதான் வழக்கம்."

மறுநாள் நடந்ததை எழுத எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வரி அழகாகப் போயிற்று. மூன்றாவது வரி வந்தது. கில்லட்டின் கை எங்கள் பக்கம் இறங்கியது. பதினான்கு பெண்களில் நான்கு பேர் பாடினோம். மூன்று பேர் பழக்கத்தில் கீழ்க்குரலுக்காகக் காத்திருந்தார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு சுரத்தில் ஏறினார்கள். என் பக்கத்தில் இருந்த ட்ரைஃபீனா, என் உயிர்த்தோழி, விக்கல் மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். துரத்தலில் முதல் குரல் விழுந்தால் பின்னால் வருகிற மூன்றும் அதன்மேல் விழும். விழுந்தன.

எதிர்ப்பக்கம் கீழ்க்குரல் வரிசையே குலுங்கிச் சிரித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த லூதர் பிரின்டில், கொல்லன், பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"ஹிட்டி, ஆறு வரும்னு பாத்தா கோழிக்கூடு தொறந்த மாதிரி இருக்கே!"

"ஒனக்கு உலை ஊதி ஊதிக் காது அடைச்சுப்போச்சு," என்றேன். ஆனால் முகம் எரிந்தது.

கில்லட் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கேலி செய்யாமல், பேனாவை எடுத்துக் கீழ்க்குரலை முதலில் வைத்து எழுதினார். அச்சகத்துக்குப் போக வேண்டிய படியை எழுதுகிற வேலை என்னுடையது. ஊரிலேயே தெளிவான கையெழுத்து எனக்குத்தான். ஆக என் பாட்டை, வரிசை மாற்றி, மேலே 'அ. கில்லட்' என்று நானே எழுதினேன். எழுத்து அழகாகத்தான் வந்தது. பேனா முனைதான் உடைந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள்.

"என்னடி, மூஞ்சி தோல் மாதிரி இறுகிக் கெடக்கு?"

சொன்னேன்.

அம்மா சோளக்களியைக் கிண்டிக்கொண்டே யோசித்தாள். "சுதி போயிருச்சுன்னுதானே சொல்றாரு? போச்சா இல்லியா?"

"போச்சு."

"அப்ப அவரு சொன்னது பொய்யில்லையே. நெசமாவே போச்சுல்ல. இனி போகாம பாத்துக்க."

சொல்லிவிட்டாள். பெருக்கல் குறி போடுகிறவள்.

எங்கள் ஊரில் மார்ச் மாதம் பெண்கள் யார் வீட்டிலாவது கூடி ஆளி நார் நூற்போம். அவரவர் மிதிராட்டையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அந்த வாரம் ட்ரைஃபீனா வீடு. எட்டு ராட்டை. எட்டு கால் மிதிக்கிறது, எட்டு சக்கரம் சுற்றுகிறது. வம்பு பேசி முடித்து ஒரு நிமிடம் எல்லாரும் வாயை மூடியபோது அந்தச் சத்தம் கேட்டது. ம்ம்ம் என்று, சீராக, அடியில் ஓடுகிற ஒரே ரீங்காரம்.

நான் நூலை விட்டுவிட்டேன்.

"ட்ரைஃபீனா, இதக் கேளு."

"எத?"

"இதுதான்டி கீழ்க்குரல்!"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாப்பிள்ள கெடைக்கலேன்னு ராட்டையக் கட்டிக்கப் போறியா?"

"லூதரைவிட இது பரவாயில்ல, பதில் பேசாது. மிதிங்கடி எல்லாரும். காலை ஒரே மாதிரி மிதிங்க. அந்த ரீங்காரத்துல நின்னு மூணாவது வரியப் பாடுவோம். மொதல் மிதில 'உடைத்து'. காத்திருக்கக் கூடாது, யாருக்காகவும்."

முதல் தடவை மூன்று பேர் சிரித்தார்கள். ஐந்தாவது தடவை ட்ரைஃபீனாவின் அத்தை அடுப்படியிலிருந்து கையில் மாவோடு வந்து நின்றாள். பத்தாவது தடவை அவளும் பாடினாள். உடைத்து வருகிறேன், வழிவிடு. ஒன்பது பெண்கள், துணை இல்லாமல், நூல் பிடித்த மாதிரி. நூற்ற நூல்தான் அன்று கண்றாவியாக இருந்தது.

அடுத்த வாரம் பதினான்கு பேரும் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ராட்டையை நிறுத்திவிட்டுக் காலை மட்டும் மிதித்துப் பாடிப் பார்த்தோம். ரீங்காரம் காதுக்குள்ளேயே இருந்தது. சுதி நகரவில்லை.

நான் நேராகக் கில்லட்டிடம் போனேன். திருட்டுத்தனம் எனக்குப் பிடிக்காது.

"ஐயா, நாங்க பழகிட்டோம். இன்னொரு தடவ பாடிக் காட்டறோம்."

"ஹிட்டி, விழாவுக்கு ஆறு நாள் இருக்கு. கீழ்க்குரல்காரங்க திருத்தின மாதிரிப் பாடமாக்கிட்டாங்க. இப்பப் போயி மாத்தச் சொன்னா எல்லாம் கொழம்பும்."

"ஒரே ஒரு தடவ கேளுங்க."

"ஒரு தடவ கேட்டேனே."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கொல்லன் பட்டறைக்குப் போனேன். லூதர் லாடம் அடித்துக்கொண்டிருந்தான்.

"விழா அன்னிக்கு மூணாவது வரில நாங்க மொதல்ல வரப்போறோம். சொல்லிட்டுச் செய்யலாம்னு வந்தேன்."

அவன் சுத்தியலை இறக்கினான். "மாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ போய்ச் சொன்னா தெரியும்."

"சொல்லமாட்டேன். ஆனா நான் என்ன பண்ணணும்? வாய மூடிக்கிட்டு நிக்கணுமா?"

"தாளத்துல ரெண்டே அடி. அதுக்கப்பறம் வா. நாங்க எந்நேரமும் காத்துக்கிட்டுதானே இருக்கோம், நீ செத்த நேரம் நின்னு பாரு."

லாடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "விழுந்தீங்கன்னா?"

"விழுந்தா அடுப்புக்குப் போகும். மாஸ்டர் திருத்தினதும் போகும், நான் எழுதினதும் போகும். ஊரே சிரிக்கும். எங்க சந்துக்கு நாத்தத்தோட இதுவும் சேந்துக்கும்."

"நான் ஒத்துக்கலை," என்றான். "ஆனா நீங்க மொதல்ல வந்துட்டீங்கன்னா, பொம்பளைங்க பேசறப்ப குறுக்க பேசக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்கா."

ஏப்ரல் இரண்டாம் வியாழன் விழா. ஆற்றில் பனி உடைந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சபைக்கூடம் வரை சத்தம் கேட்டது. நான்கு ஊர் ஆட்கள் வண்டி கட்டி வந்திருந்தார்கள். கீழே பெஞ்சுகளில் இடம் இல்லை. கடைசி வரிசையில் அப்பா, நகத்தைச் சுரண்டிச் சுரண்டிச் சிவக்க வைத்திருந்தார், பக்கத்தில் அம்மா. முன் வரிசையில் சபைப் பெரியவர் டீக்கன் ஹாட்ச்கிஸ். ஒருவர் வரியைச் சொல்ல, சபை இழுத்து இழுத்துத் திருப்பிப் பாடும் பழைய முறைதான் பாட்டு, துரத்தல் என்பது நாய்கள் செய்வது என்பது அவர் கட்சி.

நாங்கள் மேல்மாடத்தில், மூன்று பக்கமும். கில்லட் நடுவில் நின்று மரக் குழலை ஊதிச் சுதி கொடுத்தார். பதினோராவது பாட்டு என்னுடையது.

முதல் இரண்டு வரி போயிற்று. இப்போதுகூடச் சும்மா இருந்துவிடலாம். திருத்திய பாட்டு நன்றாகவே நிற்கும். புத்தகத்தில் வரும், வேறு பெயரில். கில்லட் உடம்பைத் திருப்பி, கையைக் கீழ்க்குரல் பக்கம் ஓங்கினார். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

பாவாடைக்கு அடியில் பதினான்கு கால் பலகையை மிதித்தது.

உடைத்து வருகிறேன்!

ஒரே குரல். ஒரே சுரம். கில்லட்டின் கை அந்தரத்தில் நின்றது. எதிரே கீழ்க்குரல் வரிசையில் ஐந்தாறு பேர் பாடமான இடத்தில் வாயைத் திறந்துவிட்டார்கள். எங்கள் சுரத்தின் மேல் அவர்கள் சுரம் மோதி, வண்டி கவிழப்போகிற மாதிரி ஒரு ஆட்டம் ஆடியது. ட்ரைஃபீனா என் கையைக் கிள்ளினாள். நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. லூதர் இடப்பக்கம் ஒரு முழங்கையும் வலப்பக்கம் ஒரு முழங்கையும் விட்டான். 'ஹக்' என்று இரண்டு சத்தம், கீழ்க்குரல் அடங்கியது. சரியாக இரண்டு அடி கழித்து அவன் தனியாக இறங்கினான், அதே வரியோடு, பீப்பாய்க்குள்ளிருந்து. மற்றவர்கள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நடுக்குரல்கள் எப்படியோ சந்து கண்டு நுழைந்தன. ஊரே எழுந்து பார்த்திடு என்று எல்லோரும் ஒரு வழியாகக் கரை சேர்ந்தோம். அடிபட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு.

ஆனால் துரத்தலுக்கு முன்னால் தாளில் இரட்டைப் புள்ளி இருக்கிறது. அந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை பாட வேண்டும். எல்லாப் பாட்டிலும் அப்படித்தான். நிறுத்த முடியாது.

கில்லட்டுக்கு ஒரு அடி நேரம் இருந்தது. அந்த ஒரு அடியில் அவர் இரண்டு பக்கமும் பார்த்ததை நான் பார்த்தேன். காது சிவந்திருந்தது. என்னைக் கொல்வார் என்று நினைத்தேன். பிறகு அவர் மெல்ல, முழு உடம்பையும் திருப்பி, எங்களைப் பார்த்து நின்றார். கையை ஓங்கினார். எங்கள் பக்கம் இறக்கினார்.

அப்புறம் வந்ததை எப்படி எழுதுவது? அகாடமியில் அதற்குச் சொல் கற்றுத்தரவில்லை. பதினான்கு பேரும் சிரித்துக்கொண்டே பாடினோம், சிரிப்பிலும் சுதி போகவில்லை. கீழ்க்குரல் எங்களைத் துரத்தியது, நடுக்குரல்கள் அவர்களைத் துரத்தின, மாடத்துப் பலகை அதிர்ந்தது, வெளியே ஆறு பனியை உருட்டிக்கொண்டு போயிற்று. மாடத்தில் எல்லாக் காலும் மிதித்தது, ஆண்கள் காலும் சேர்த்து. பாட்டு முடிந்த பிறகும் இரண்டு அடி மிதித்தோம், நிறுத்த மறந்து.

சபைக்கூடத்தில் கைதட்டுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதனால் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் கடைசி வரிசையிலிருந்து அம்மாவின் குரல், தனக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு:

"போகலியே சுதி!"

நான்கு ஊரும் சிரித்தது. டீக்கன் ஹாட்ச்கிஸ் திரும்பி முறைத்தார். அவர் பூட்ஸும் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை மேலேயிருந்து பார்த்த நாங்கள் அப்புறம் ஊரெல்லாம் சொன்னோம்.

விழா முடிந்து ஆப்பிள் மதுவும் வெல்லப்பாகு கேக்கும் பரிமாறுகிற இடத்தில் கில்லட் என்னைத் தேடி வந்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"என்னை நாலு ஊருக்கு முன்னால கேணையனாக்கிட்ட."

"ஆமா. ஒரு தடவ கேளுங்கன்னு கெஞ்சினேன்ல?"

அவர் பார்வை என் காலுக்குப் போனது. "அது என்ன, தரைல தட்டினீங்களே?"

"ராட்டை."

"என்னது?"

"வந்து ஒரு நாள் நூத்துப் பாருங்க, தெரியும்."

அவர் சிரித்தேவிட்டார். பைக்குள்ளிருந்து அச்சுக்குப் போகிற படியை எடுத்து, என் பாட்டு இருந்த தாளைக் கிழித்துக் கொடுத்தார். "புதுசா எழுதிக் கொண்டா. நீ கட்டின மாதிரியே. மேல உன் பேரு."

"பாட்டுக்குப் பேரும் மாத்தணும்."

எங்கள் பக்கத்தில் பாட்டுக்கு ஊர்ப் பெயர் வைப்பது வழக்கம். அவர் 'ஹேடன்ஃபீல்ட்' என்று வைத்திருந்தார்.

"ஊர்ப் பேருக்கு என்ன கொறச்சல்?"

"எனக்கு ஊரு கடைசி வரிசைதான் குடுத்துச்சு. எங்க எடத்துப் பேரு வைக்கறேன். தோல்குழிச் சந்து."

"ஹிட்டி! கடவுளை வணங்குற எடத்துல பாடுவாங்கம்மா!"

"பாடட்டும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பாட முடியாதுல்ல."

பின்னாலிருந்து லூதர் கேக் வாயோடு சொன்னான்: "வைங்க மாஸ்டர். இல்லேன்னா அதையும் வேற வழில செஞ்சிடுவா. எனக்கு முழங்கை வலிக்குது."

புத்தகம் செப்டம்பரில் வந்தது. நீளவாட்டில், நீல அட்டை, மை வாசம் போகவில்லை. எங்கள் வீட்டில் மை வாசம் தெரிந்ததே அதிசயம். நான் ஏப்ரலில் எழுதிய தாளை அம்மாவிடம் காட்டியிருந்தேன். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து, "அழகா இருக்குடி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கையெழுத்து அவளுக்கு வெறும் கோடு.

இப்போது நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். விரலை வைத்தாள்.

"தோல்குழிச் சந்து," என்று வாசித்தாள். விரல் வலப்பக்கம் நகர்ந்தது. "மெ... மெஹிட்டபெல் ஸ்டோவெல்."

இன்னொரு தடவை வாசித்தாள், கொஞ்சம் சத்தமாக. பிறகு எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்து, குழிகளுக்கு நடுவில் தோலைப் புரட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்:

"என்னங்க! இங்க வாங்க! நம்ம சந்து அச்சாயிருக்கு!"